ரங்கூன் போகிறவர்களுக்கு: இருட்டுவதற்குள் ஹோட்டல் திரும்புங்கள்

ரங்கூனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால் உரிமம் பெற்ற ஹோட்டலில்தான் படுக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களே வேறு வீட்டில் ஓர் இரவு தங்கினால் வார்டு ஆபீஸில் பெயர் கொடுக்க வேண்டும். 2016-இல் நீக்கிய இந்த விதியை 2021 பிப்ரவரியில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். நடுராத்திரியில் கதவைத் தட்டி ஆட்களைச் சரிபார்ப்பதும் உண்டு.

இதை ரங்கூனில் இருக்கும் என் சின்னம்மாவிடம் எவ்வளவோ சொன்னேன். "பொறந்த ஊர்ல உனக்கு ஓட்டலா? அக்கம்பக்கத்துல என்ன பேசுவாங்க?" என்று கேட்டுவிட்டு, முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய குடும்பப் பட்டியலை (வீட்டில் குடியிருப்பவர்கள் பெயர் எழுதிய அரசாங்கப் பத்திரம்) எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். கரண்ட் இல்லை, ஜெராக்ஸ் கடைக்காரர் கையை விரித்தார். கரண்ட் வந்து நகல் எடுத்துப் போனால், கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். வந்தவர் குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே திரும்ப வார்டுக்கே போகச் சொன்னார்கள். முட்டிவலிக்காரச் சின்னம்மா, பேரன் வயதுப் பையனைச் "சயா, சயா" (ஐயா, ஐயா) என்று கூப்பிட்டுக் கைகட்டி நின்றார். அந்தப் பையன் என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் போட்டிருந்த வரியில் விரலை வைத்து, இங்கே பிறந்தவர் ஏன் போனார் என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. சின்னம்மாதான் பர்மிய மொழியில் பதில் சொன்னார்: "படிக்கப் போனான். வந்துடுவான்." நான் போனது 1993-இல்.

சாயங்காலம், ஹோட்டலில் தங்கச் சொல்லி முடித்துவிட்டார்கள். அதற்குள் இருட்டிவிட்டது, டாக்சி கிடைக்கவில்லை. தம்பி மகன் கொண்டுபோய் விடுகிறேன் என்று சட்டையை மாட்டினான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நீங்களும் தடுத்துவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலில் இருக்கிறது. 18 முதல் 35 வயது வரை ஆண்கள் அதில் வருவார்கள். உங்களுக்காக ஒரு பிள்ளை ராத்திரி ரோட்டில் இறங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது.

எங்கள் கிராமம், ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் சிரியம் பக்கம். 1993-இல் பாலம் திறக்கும் வரை ஆற்றைப் படகில்தான் கடப்போம். ஆற்றங்கரை வரை போக, ரோட்டில் நின்று கை காட்டினால் நெல் லாரி நிற்கும், மூட்டை மேல் ஏறிக்கொள்வோம். டிரைவர் காசு வாங்க மாட்டார், அப்பா ஒரு சுருட்டு நீட்டுவார். யார், எந்த ஊர் என்று கேட்பது பேச்சுத் துணைக்குத்தான். இப்போது கை காட்டாதீர்கள். யாராவது நிறுத்தினாலும் ஏறாதீர்கள். சோதனைச் சாவடியில் உங்களைப் பற்றி அந்த டிரைவரைத்தான் குடைவார்கள்.

நகருக்குள் பகலில் சுற்றுவது பரவாயில்லை. பின்னால் பலகை போட்ட ஹைலக்ஸ் வேனில் (லைன் கார் என்போம்) தொங்கிக்கொண்டு போன காலமும், கண்டக்டர் ஊர் ஊராகக் கத்துவதும் போயாச்சு. 2017-இல் பஸ் தடங்களை மொத்தமாக மாற்றி எண் கொடுத்துவிட்டார்கள், பழைய நினைப்பில் ஏறாதீர்கள். போனில் கிராப் ஆப் வழியாக டாக்சி கூப்பிடலாம். மோட்டார் சைக்கிளுக்கு 2003-லிருந்து நகரில் தடை. நகரைச் சுற்றிவரும் வட்ட ரயில் இன்னும் ஓடுகிறது. முழுச் சுற்று சுமார் 46 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இன்செயின் பக்கம் கீரைக்கட்டோடு ஏறும் பெண்களைப் பார்த்தால் நம் அத்தைகள் ஞாபகம் வரும்.

இன்னொன்று. 1970-லிருந்து வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, ஆனால் பல டாக்சிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இறங்கும்போது நடுரோட்டில் கால் வைப்பீர்கள். பின்சீட்டில் உட்கார்ந்து, வலப்பக்கக் கதவால் இறங்குங்கள்.

பீலிக்கான் கோயிலுக்கோ கிராமத்துக்கோ போக, சொந்தக்காரருக்குத் தெரிந்த டிரைவரை நாள் வாடகைக்குப் பேசி விடியற்காலையில் கிளம்புங்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் நகலோடு கையில் இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும் முன்பே உங்கள் சின்னம்மாவுக்குப் போன் போட்டு, பகல் முழுக்க உங்களோடு, ராத்திரி ஹோட்டல் என்று சொல்லிவிடுங்கள். கோபிப்பார். கோபிக்கட்டும்.