ரோல்பிளேக்கு கரக்டர் யோசிக்கிறவைக்கு ஒரு சின்ன ஐடியா

ரோல்பிளே எண்டா ஆளுக்கொரு கரக்டரா நடிச்சு கதையை நகர்த்துற விளையாட்டு. அதில கற்பனைப் பேரரசு எண்ட உடனே எல்லாரும் இளவரசன், தளபதி, மந்திரவாதி எண்டுதான் எடுக்கினம், அஞ்சு பேர் விளையாடினா மூண்டு பேர் வாளோட நிப்பினம், கதையும் ஒரே இடத்தில நிண்டிடும். அந்த அரசுக்கு காசு எங்கயிருந்து வருது எண்டு முதல்ல பாருங்கோ, அந்த வழியில நிக்கிற ஆளை எடுங்கோ.

எங்கட யாழ்ப்பாண அரசையே பாருங்கோவன், 1619ல போர்த்துக்கேயர் பிடிச்ச அந்த அரசுக்கு ஒரு காலத்தில யானையும் முத்தும் பெரிய வருமானம். மன்னார்ப் பக்கம் முத்துக் குளிக்கேக்க சுறா கிட்ட வராம மந்திரம் ஓதுற ஆள் ஒருத்தர் இருப்பார், கடல்கட்டி எண்டு பேர், அவர் இல்லாம குளிகாரர் தண்ணிக்க இறங்கப் பயப்பிடுவினம். எவ்வளவு வடிவான கரக்டர்! தன்ர மந்திரத்துக்கு சக்தி இருக்கோ எண்டு அவருக்கே சந்தேகம் எண்டு வையுங்கோ, ஒருநாள் ஒரு பெடியனை சுறா கடிச்சிட்டுது, அரண்மனையில இருந்து ஆள் வருது, இனி என்ன செய்வார்?

அந்த அரசுக்கு நந்தியும் சேது எண்ட எழுத்தும் போட்டு காசு அடிக்கிறவர், கப்பலில யானை ஏத்துற பாகன், ரெண்டு பக்கமும் நம்பாத துபாசி, அதாவது மொழிபெயர்க்கிறவர், இவையளும் நல்லாயிருக்கும்.

ஒரு ஆளுக்கு என்ன தொழில், ஆரிட்ட கடன், என்னத்தை மறைக்கிறார், இந்த மூண்டும் காணும். கடன் குடுத்தவரின்ர பேரை மட்டும் கேம் நடத்துறவரிட்ட முதலே சொல்லி வையுங்கோ, அவர் அந்த ஆளை எங்கயாவது கொண்டு வந்து நிப்பாட்டுவார்.