இடைக்கால இலக்கியத்தில் செவ்வியல் மரபை ஆராய விரும்புவோருக்கு

ஐரோப்பிய இடைக்கால இலக்கியத்தையும் அது கிரேக்க, உரோமச் செவ்வியல் நூல்களிடமிருந்து பெற்ற மரபையும் வாழ்நாள் ஆய்வாக மேற்கொள்ள விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது இலக்கியக் கோட்பாடு அன்று, இலத்தீன். அதனுடன் பழைய பிரெஞ்சு, இடைக்கால ஆங்கிலம், இடைக்காலக் கவிஞர் தாந்தே எழுதிய இத்தாலியம் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் நல்ல புலமை வேண்டும். மொழிபெயர்ப்புகள் நூலை அறிமுகப்படுத்த உதவும்; ஆய்வுக்கு அவை போதா.

அடுத்தது சுவடிப் பயிற்சி. தோல் ஏடுகளில் படியெடுத்தோர் இடத்தை மிச்சப்படுத்தச் சொற்களைச் சுருக்கினர். உயிரெழுத்தின் மேல் இட்ட சிறு கோடு பெரும்பாலும் விடுபட்ட 'ம்' அல்லது 'ன்' ஒலியைக் குறிக்கும். வத்திக்கான் நூலகமும் பிரான்சின் தேசிய நூலகமும் ஏராளமான சுவடிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருப்பதால், அச்சுப் பதிப்பை அருகில் வைத்துக்கொண்டு நாள்தோறும் சில வரிகளைப் படித்துப் பழகலாம்.

இவ்வாய்வின் உயிர்நாடி, பழைய நூல் எந்த வழியாகக் கவிஞரின் கைக்கு வந்தது என்னும் கேள்வியே. தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' என்னும் காவியத்தின் முதற்பகுதியான 'நரகம்' 26ஆம் காண்டத்தில், கிரேக்க வீரன் யூலிசீஸ் (ஒடிசியஸ்) தன் இறுதிக் கடற்பயணத்தை விவரிக்கிறான். அதை, அவ்வீரனைப் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் 'ஒடிசி' காவியத்தோடு நேரடியாக ஒப்பிட்டு, தாந்தே எதையெல்லாம் மாற்றினார் என்று பட்டியலிடுவது வீண் வேலை. ஏனெனில் தாந்தே ஹோமரைப் படித்தவர் அல்லர். வெர்ஜில், ஓவிட், சிசெரோ முதலிய இலத்தீன் ஆசிரியர்கள் வழியாகவே யூலிசீஸ் அவரை வந்தடைந்தான். அவ்வாசிரியர்களையும், வெர்ஜிலுக்கு செர்வியுஸ் எழுதிய உரை போன்ற பழைய உரைகளையும் படித்த பின்னரே, தாந்தே புதிதாகப் படைத்தது எது என்று சொல்ல இயலும். அதுபோலவே, உரோமக் கவிஞர் லுக்ரீஷியஸின் காவியம் 1417இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோவால் மீண்டும் கண்டெடுக்கப்படும்வரை பெரிதும் வழக்கிழந்திருந்தது என்பதை மறந்து, அதன் தாக்கத்தை முந்தைய கவிஞர்களிடம் காண்பதும் சறுக்கலே.

கவிஞர் தரும் சான்றையும் அப்படியே ஏற்கக் கூடாது. ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் டிராய்லஸ் காவியத்துக்கு லோலியஸ் என்பவரை மூலமாகக் காட்டுகிறார். உண்மையில் அவர் பெரிதும் பின்பற்றியது இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் நூலை. ஆய்வாளருக்கு இத்தகைய மறைப்புகளே வளமான நிலம்.

செவ்வியல் துறை, இடைக்காலத் துறை இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆய்வு என்பதால், முனைவர் பட்டத்துக்கு இரு துறைகளிலிருந்தும் வழிகாட்டிகளை நாடுவது நல்லது. முதல் கட்டுரைக்குப் பெரிய தலைப்பு வேண்டாம்; ஓரக்குறிப்புகள் நிறைந்த ஓவிட் சுவடி ஒன்றை எடுத்து, அதைப் படித்தவர்கள் எந்த வரிகளில் நின்றார்கள், என்ன விளக்கம் எழுதினார்கள் என்று ஆராய்ந்தாலே போதும்.