வீட்டில் படிப்பவர்களுக்கு: உட்காரும் முன் உடையை மாற்றுங்கள்

டிஎன்பிஎஸ்சி, நீட் என்று வீட்டிலேயே படிப்பவர்கள் பலர், தூங்கி எழுந்த லுங்கியோடும் நைட்டியோடும் புத்தகத்தைத் திறக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டாவி. அந்த உடை படுக்கையோடு பழகிப்போனது.

படிப்புக்கென்று இரண்டு செட் பருத்தி உடை ஒதுக்குங்கள். ஒன்று துவைக்கப் போனால் மற்றொன்று. முதல் நாள் இரவே எடுத்து மாட்டிவிடுங்கள். காலையில் தேட ஆரம்பித்தால் அந்தத் தேடலே சாக்காகிவிடும். குளித்ததும் போட்டுக்கொண்டு நேரே மேசைக்கு. படித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அதே சட்டையோடு மதியம் படுத்து, டிவியும் பார்த்தால், சீக்கிரமே அதுவும் இன்னொரு நைட்டிதான்.

2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருத்துவர் கோட் என்று சொல்லி வெள்ளைக் கோட் அணிவித்தவர்களுக்குக் கவனம் கூடியது; அதே கோட்டை ஓவியர் கோட் என்றபோது கூடவில்லை. ஆனால் அதன் முதல் சோதனையை 2019இல் திரும்பச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே உடையின் மாயத்தை நம்பாமல், தினமும் ஒரே நேரத்தில் மாற்றும் பழக்கத்தை நம்புங்கள்.

இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். இடுப்பில் இரண்டு விரல் நுழையட்டும். தேர்வு நாளில் புதுச் சட்டையும் கூடாது, விறைப்பும் காலர் லேபிளும் மூன்று மணி நேரம் உறுத்தும். நீட் எழுதுவோர் அரைக்கைச் சட்டையிலேயே படித்துப் பழகலாம், அங்கே முழுக்கை உடை சிக்கல்.