நற்செய்திக்கு முன்னம் போனால் போதுமா? பூசைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், பூசையில் வேதாகமம் வாசிக்கிற வாசகர் பணிக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைக் கொஞ்சக் காலமாகப் பார்த்து வருகிறேன். திருகோணமலையில் என் வயதுக்காரர் இளவயதில் செய்ததை ஒன்று விடாமல் செய்கிறார்கள். கைத்தொலைபேசியை நிறுத்துங்கள், ஒழுங்கான உடுப்போடு வாருங்கள் என்பதை ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடுகிறார்கள், அதை விடுவோம். என்ன மனதோடு உள்ளே வருகிறோம் என்பதுதான் என் கவலை.

"நற்செய்திக்கு முன்னம் போனால் பூசை சரி"

நற்செய்தி வாசிக்க முன்னம் உள்ளே வந்துவிட்டால் ஞாயிறு கடமை தீர்ந்தது என்கிற இந்தக் கணக்கைச் சொல்லித் தந்தவர்கள் பெரியவர்கள்தான். அவர்களுடைய கணக்கு இன்னும் தாராளமானது: நற்செய்திக்கும் பிறகு வருகிற காணிக்கை ஒப்புக்கொடுக்க முன்னம் வந்துவிட்டால் சாவான பாவம், அதாவது பெரிய பாவம், இல்லை. பூசை இலத்தீனில் நடந்த காலம் அது. 1963இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய தன் ஏட்டில், வார்த்தை வழிபாடும் (வாசகங்களும் பிரசங்கமும்) நற்கருணை வழிபாடும் (காணிக்கையும் நன்மையும்) சேர்ந்து ஒரே வழிபாடு, முழுப் பூசையிலும் பங்கெடுக்க மக்களுக்குப் படிப்பியுங்கள் என்று குருக்களுக்குச் சொன்னது. எங்கள் கடைசி வாங்குகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு ஞாயிறு, முதல் வாசகம் வாசிக்க வேண்டிய பெடியன் வாசகத்துக்குச் சற்று முன்னம் பாடுகிற 'உன்னதங்களிலே' பாட்டு முடிகிற நேரம் வந்து இறங்கினான். தலைக்கவசத்தை வாங்கில் வைத்துவிட்டு நேரே வாசக மேடைக்குப் போனான். புத்தகத்தில் நாடா முந்தின கிழமைப் பக்கத்தில் கிடந்தது. அவன் கவனிக்கவில்லை, எரேமியா மேய்ப்பர்களைக் கண்டிக்கும் பகுதியைக் கணீரென்று வாசித்தான். அன்றைய நற்செய்தியோ யோவான் 6ஆம் அதிகாரம், ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும். அதற்குச் சோடியாக வைத்த முதல் வாசகம், எலிசா 20 வாற்கோதுமை அப்பங்களால் 100 பேரைச் சாப்பிட வைத்த கதை. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. நத்தார், உயிர்ப்புக் காலங்களும் அவற்றின் ஆயத்தக் காலங்களும் அல்லாத பொதுக்காலத்தில் பழைய ஏற்பாட்டுப் பகுதியை நற்செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். பாவம் பாதர், எலிசாவின் கதையை முதலிலிருந்து தானே சொல்லித்தான் பிரசங்கத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

எனக்குக் கோபம் அந்தப் பெடியன்மேல் அல்ல. பூசை முடிந்து முற்றத்தில் நின்றவர்களைக் கேட்டால், வாசகம் மாறியதே தெரியாது. சொந்தப் பூசைப் புத்தகத்தோடு முன் வாங்கில் இருக்கிற அம்மம்மா ஒருவர் மட்டும் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டித் தேடியிருக்கிறார். "இறைவா உமக்கு நன்றி" என்று மட்டும் எல்லாரும் சத்தமாகச் சொன்னார்கள். எதற்கு நன்றி சொன்னார்களோ!

கடலிலிருந்து கரை சேரப் பிந்தியவரையோ, காய்ச்சல்கார பிள்ளையோடு வருகிற தாயையோ நான் சொல்லவில்லை. நேரத்தோடு வந்தும் வெளியே மரத்தடியில் நின்று கதைத்துவிட்டு, நற்செய்திக்கு முன் பாடுகிற அல்லேலூயா கேட்டதும் உள்ளே நுழைகிறவரைத்தான் சொல்கிறேன். சனிக்கிழமை இரவே மூன்று வாசகங்களையும் ஒருதரம் படித்துப் பாருங்கள். கால் மணித்தியாலம்கூட வேண்டாம். படித்தவருக்கு மரத்தடியில் அவ்வளவு நேரம் நிற்க மனம் வராது.

பிரசங்கத்துக்குப் புள்ளி போடுவது

இந்தப் பாதருக்கு 80, அந்தப் பாதருக்கு 40. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதே கதை. பாடகர் குழுவுக்கும் புள்ளி உண்டு, ஆனால் புள்ளி போடுகிறவர் வாய் திறந்து பாடுவதில்லை. பிரசங்கம் எடுபடாத நாளில் வாசகத்திலிருந்து ஒரு வசனத்தையாவது பிடித்துக்கொண்டு போங்கள்.

வேலிச் சண்டையோடு வருவது

மத்தேயு 5:23-24 தெளிவாகவே இருக்கிறது: காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு சமாதானமாகு. இங்கே பக்கத்து வளவுக்காரர் இருவர் இரண்டு பக்க வாங்குகளில் இருப்பார்கள். சமாதானம் பகிரும் நேரம் கைகூப்பி எந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்பதில் இருவருக்கும் அபார கவனம். சனிக்கிழமை வேலியடியில் ஒரு வார்த்தை கதைத்திருக்கலாம்.

நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் வருவது

வாருங்கள். ஆனால் இருக்க இடமில்லை என்று முறைப்படாதீர்கள்.

நன்மை (நற்கருணை) வாங்கிய கையோடு கேற்றடிக்குப் போவது

இறுதி ஆசீருக்கு இன்னும் சில நிமிடம்தான். இறைச்சிக்கடையை அதற்குள் பூட்டிவிடமாட்டார்கள்.