சிங்கப்பூரில் க்ரூஸ் கப்பல் ஏறும் நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

மாலை நாலு, ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலுக்குக் காலையிலிருந்தே வேலை தொடங்கிவிடுகிறது. பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவு சுற்றிவரும் பயணத்தில், சிரமமெல்லாம் இந்த முதல் நாளின் சில மணி நேரத்துக்குள்தான் வரும். அதில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே தவிர்த்துவிடலாம்.

முதலில் இடம். சிங்கப்பூரில் க்ரூஸ் முனையங்கள் இரண்டு. ஹார்பர்ஃப்ரன்ட்டில் இருப்பது சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர். மரினா சவுத்தில் இருப்பது மரினா பே க்ரூஸ் சென்டர். டாக்சியில் ஏறி "க்ரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னால் தவறான இடத்தில் இறங்க நேரலாம். ஹார்பர்ஃப்ரன்ட்டில் செந்தோசாவுக்குப் போகும் கேபிள் கார் கம்பி கப்பல் வழிக்கு மேலே ஓடுவதால், 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே வர முடியாது. பெரிய கப்பல்களுக்காகத்தான் 2012-ல் மரினா பே முனையம் திறக்கப்பட்டது. உங்கள் டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அதை முழுசாகச் சொல்லுங்கள். மரினா பே முனையத்துக்கு எம்ஆர்டியில் (சிங்கப்பூரின் மெட்ரோ ரயில்) போவதென்றால் சிவப்புப் பாதையின் கடைசி நிலையம் மரினா சவுத் பியர். அங்கிருந்து நடந்துவிடலாம், ஆனால் பெரிய பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால் டாக்சியே மேல்.

விமானத்தை முந்தைய நாளுக்கே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பயணம்தானே, காலையில் இறங்கி மதியம் கப்பலில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடுவது ஆபத்து. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கட்டிய பணமும் பொதுவாகத் திரும்பாது. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். மாலை 5 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்றால் 4 மணிக்கு, சில நிறுவனங்களில் 3.30-க்கே, கதவை மூடிவிடுவார்கள். ஏறியவர்களின் இறுதிப் பட்டியலைக் கிளம்பும் முன்பே அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டியிருப்பதால் அதற்குப் பிறகு கெஞ்சிப் பயனில்லை.

நம் ஊர்க்காரர்கள் தடுமாறும் இன்னொரு இடம் பெயர். நமக்கு இனிஷியல்தான், பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். கப்பல் பதிவுத் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். அங்கே ஏஜென்ட் இனிஷியலை மட்டும் போட்டுவிடுவதும் உண்டு, அப்பா பெயரைத் தன் விருப்பப்படி எழுதிவிடுவதும் உண்டு. பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், கப்பல் பதிவு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மாற்றம் இருந்தால் சில வாரம் முன்பே எழுதித் திருத்தச் சொல்லுங்கள். கவுன்டரில் போய் விளக்கிக்கொண்டிருக்க அன்றைக்கு நேரம் இருக்காது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதுதானா என்று பார்க்க வேண்டும். கப்பலில் போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு. அதனால் சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டும் இரண்டு முறை நிரப்ப வேண்டும்: விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. திரும்பும் நாளுக்கு மூன்று நாள் முன்புதான் அது திறக்கும், ஆகவே நடுவில் இறங்கும் துறைமுகத்தில் இணையம் கிடைக்கும்போது முடித்துவிடுங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கப்பல் போகும் மற்ற நாடுகளின் விசா விதி அடிக்கடி மாறுவதால் கிளம்பும் வாரத்திலும் ஒருமுறை பாருங்கள்.

ஆன்லைன் செக்-இன்னை நிறுவனத்தின் ஆப்பில் வீட்டிலேயே முடித்துவிடலாம். பாஸ்போர்ட் விவரம், முகப்படம், பணம் கட்டும் கார்டு எல்லாம் கொடுத்தபின் முனையத்துக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்கும். மதிய நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் செக்-இன் திறந்த அன்றே தேர்ந்தெடுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் 12 மணிக்குப் போனால் நீச்சல் குளம் கூட்டமில்லாமல் கிடைக்கும். ஆனால் கேபின் 1 மணிவாக்கில்தான் தயாராகும். அதுவரை உட்கார இடம் தேட வேண்டும். முழங்கால் வலியோடு வரும் பெரியவர்கள் இருந்தால் ஒன்றரை மணிக்கு மேல் போவது நல்லது.

கார்டு விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். 2020 ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் இயங்கும்படிதான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். டெபிட் கார்டைக் கொடுத்தால் செலவு செய்யாத தொகையையும் முன்கூட்டியே பிடித்துவைப்பார்கள், அது விடுபடப் பயணம் முடிந்தும் சில நாள் ஆகலாம். கிரெடிட் கார்டு இருந்தால் அதையே கொடுங்கள். ஊழியர்களுக்கான டிப்ஸ் தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று தானாகக் கணக்கில் ஏறும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இனி பெட்டி. முனைய வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் சாயங்காலம் வரை, சில சமயம் இரவு எட்டு மணி வரை, அவை உங்கள் கைக்கு வராது. அதனால் அன்றைய நாளுக்கு வேண்டியதெல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, செக்-இன் கவுன்டரில் நிற்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான பெட்டிகளில் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் பாதிப் பகல் போய்விடும். பாஸ்போர்ட், விசா நகல், ஒரு வேளைக்கு மேலான மருந்துகள் மருத்துவர் சீட்டோடு, கண்ணாடி, போன் சார்ஜர், குழந்தைக்கு மாற்றுத் துணியும் டயப்பரும், நீச்சல் உடை எல்லாம் கையில்.

லக்கேஜ் டேக்கை வீட்டிலேயே அச்செடுத்து, கேபின் எண் வெளியே தெரியும்படி மடித்து, கைப்பிடியைச் சுற்றி ஸ்டேப்ளர் அடியுங்கள். விமான நிறுவனம் ஒட்டிய பழைய பார்கோடு சீட்டைக் கிழித்துவிடுங்கள். பெட்டிக்குள்ளும் பெயரும் கேபின் எண்ணும் எழுதிய தாள் ஒன்று கிடக்கட்டும். வழியில் டேக் அறுந்தால் அதை வைத்துத்தான் பெட்டி யாருடையது என்று கண்டுபிடிப்பார்கள்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், தண்ணீர் சூடாக்கும் ராடு, சின்ன ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் போர்டு, மெழுகுவத்தி எதுவும் கூடாது. கப்பலில் தீ என்பது மிகப் பெரிய ஆபத்து; சூடாகும் எதையும் கேபினுக்குள் விடமாட்டார்கள். ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியையே நிறுத்திவைத்து, உங்களை வரவழைத்துத் திறக்கச் சொல்வார்கள். பொருள் கடைசி நாளில் திரும்பக் கிடைக்கும், ஆனால் மாற்று உடை வரவில்லையே என்று அன்று சாயங்காலம் முழுக்கத் தவிப்பது நீங்கள்தான். வீட்டில் செய்த புளியோதரைக்கும் இட்லிக்கும் அனுமதி கிடையாது. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட் பண்டங்களும் குழந்தை உணவும் போகலாம். குழந்தைக்குக் குழைந்த சோறு வேண்டும் என்றால் உணவகத்தில் கேளுங்கள், செய்து தருவார்கள்.

முனையத்துக்குள் செக்-இன், இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும், கூட்டமென்றால் இரண்டு. சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்களே வாங்கிவைத்துக்கொள்வார்கள், பயப்பட வேண்டாம். அடுத்த துறைமுகத்தில் எல்லோருக்கும் சேர்த்து முத்திரை வாங்கத்தான். நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தையையும், பயணம் முடிவதற்குள் 24 வாரத்தை எட்டும் கர்ப்பிணியையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. வாந்தி, பேதி இருந்ததா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மூடிய இடத்தில் வயிற்றுக் கிருமி வேகமாகப் பரவும்.

ஏறியதும் பசிக்கும். எல்லோருக்கும் பசிக்கும், அதனால் பஃபேயில் பகல் 12-லிருந்து 2 வரை தட்டோடு நிற்கத்தான் இடம் இருக்கும். அதற்கு முன் மஸ்டர் ஒத்திகையை, அதாவது ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சியை, முடித்துவிடுவதே எங்கள் உறுதியான யோசனை. அறை அட்டையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும், ஆபத்தில் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் அது. ஆப்பிலோ கேபின் டிவியிலோ வீடியோவைப் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கு நேரில் போய் அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும். ஏழு குட்டைச் சங்கொலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: அதுதான் அவசர அழைப்பு. லிஃப்ட் வேண்டாம், படி வழியாகவே ஒருமுறை போய்ப் பாருங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலிக் கரையில் கோஸ்டா கன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பல நூறு பேருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அப்போது 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. 2015 முதல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். பத்து நிமிட வேலை; முடிக்காதவர்களை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அன்று சாயங்காலமே உணவக மேற்பார்வையாளரைப் பார்த்துப் பேசுங்கள். வெறுமனே வெஜிடேரியன் என்றால் முட்டை வரும், சீன வகைக் கறிகளில் சிப்பி சாஸ் இருக்கக்கூடும். முட்டை, மீன், சிப்பி எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொன்னால் மறுநாளுக்கான இந்திய உணவை முதல் நாளே எழுதிக்கொள்வார்கள். ஜைன உணவை முன்பதிவின்போதே கேட்டிருக்க வேண்டும்.

கயிறு அவிழ்க்கும் முன் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். கரை விலகியதும் கப்பலின் சொந்த டவரை உங்கள் சிம் பிடித்துக்கொள்ளும். அது சாதாரண ரோமிங் பேக்கில் அடங்காது, வாட்ஸ்ஆப் பின்னணியில் ஓடினாலே பில் எகிறும். வைஃபையை மட்டும் தனியே திறந்தால் கப்பல் நிறுவனத்தின் ஆப் வேலை செய்யும்.

பெட்டி கேபின் வாசலில் வந்து நிற்கும், யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். அவ்வப்போது திறந்து பாருங்கள். ஒரு பெட்டி வந்து இன்னொன்று வராமல் இருப்பது சாதாரணம். இரவு உணவுக்கு இருக்கிற உடையிலேயே போகலாம், முதல் இரவில் உடைக் கட்டுப்பாட்டைப் பொதுவாக வைப்பதில்லை. ஒன்பது மணி தாண்டியும் வராவிட்டால் கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டருக்குப் போய்ப் பெட்டியின் நிறம், அளவு, அடையாளத்தைச் சொல்லுங்கள். டேக் இல்லாத பெட்டிகளும் சோதனையில் நின்ற பெட்டிகளும் எங்கே இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும்.