பட்ஜெட் கேமிங் பிசிக்கு ரேம் வேகம் எவ்வளவு போதும்?

திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி மதுரை டவுன்ஹால் ரோட்டுக்கு ரேம் வாங்க வருவதற்கு முன், உங்கள் மதர்போர்டு எந்த ரேமை ஏற்கும் என்று தயாரிப்பாளர் தளத்தில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் வெவ்வேறு தலைமுறைகள், டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறவே ஏறாது.

ரைசன் 5 5600 மாதிரி பிராசசர் உள்ள டிடிஆர்4 செட்டுக்கு வேகம் 3200 (எம்டி/எஸ்), சிஎல்16 போதும்; சிஎல் என்பது ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தைக் காட்டும் எண். 3600 என்று எழுதியிருந்தால் உடனே மயங்காதீர்கள், சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்துப் பாருங்கள்: 3200 சிஎல்16-க்கும் 10 நானோசெகண்ட், 3600 சிஎல்18-க்கும் அதே 10. தாமதம் ஒன்றுதான், ஒரே நேரத்தில் கடத்தும் தரவின் அளவு (பேண்ட்வித்) மட்டும் கொஞ்சம் கூடும். விலை வித்தியாசம் சொற்பம் என்றால் எடுங்கள், இல்லையென்றால் அந்தக் காசு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். டிடிஆர்5 மட்டும் ஏற்கும் ஏஎம்டியின் ஏஎம்5 போர்டு என்றால் 6000, சிஎல்30 பார்க்கலாம்.

16 ஜிபி வேண்டுமா? ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், இரண்டும் சேர்ந்து ஓடும்போது பேண்ட்வித் கூடும். தனி கார்டு இல்லாமல், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசரில் விளையாடுபவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம், அதில் கிராபிக்ஸும் இந்த ரேமையே நம்பியிருக்கிறது. நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4-ல் செருக வேண்டும்.

சித்திரைத் திருவிழா சீரியல் செட் மாதிரி மின்னும் ரேமுக்குக் கூடுதல் பணம் தண்டம்.

அப்புறம், மாட்டியதும் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் மதர்போர்டு செட்டிங்கில்) ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 ரேம் பெரும்பாலும் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.