காரையிலும் பச்சைமலையிலும் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன டிசம்பரில் மழை விட்டு மூன்றாம் நாள், பெரம்பலூர் மாவட்டக் காரை ஊருக்கு வெளியே வண்டிப்பாதை ஓரமாக உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நான்கு இளைஞர்கள் புத்தம் புது மலைச் சைக்கிள்களில் வந்து நின்றார்கள். எதிரே ஓடைகள் அரித்த மண் மேடுகள் கண்ணுக்கு எட்டியவரை கிடந்தன. அதைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. "தம்பி, இறங்காதீங்க!" என்று எழுந்து கத்துவதற்குள் இரண்டு பேர் சரிவில் இறங்கிவிட்டார்கள். அந்த இரண்டு சைக்கிள்களையும் மேலே கொண்டுவர எங்கள் ஐந்து பேருக்கும் சாயங்காலம் ஆகிவிட்டது.

அன்று அவர்கள் செய்ததெல்லாம் ஏழு வருடங்களுக்கு முன்பு நான் செய்தவைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட் போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன். இந்த மண்ணுக்கென்று சில தவறுகள் இருக்கின்றன.

மலையில் படிமம் தேடுவது

துறையூர்ப் பக்கம் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும்போது, படிமம், அதாவது கல்லாகிப்போன பழைய உயிர்களின் எச்சம், கிடைக்குமென்று வழியில் நிறுத்தி நிறுத்திப் பாறைகளைப் புரட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே எதுவும் கிடைக்காது. பச்சைமலை மிகப் பழைய பாறை. பூமிக்கு அடியில் வெந்து இறுகிப் படிகமாகி மேலே வந்தது. கிளிஞ்சலோ நத்தையோ உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அது பாறையாகிவிட்டது.

கடல் இருந்தது இதற்குக் கிழக்கே. பாடாலூரில் நெடுஞ்சாலையை விட்டு ஊட்டத்தூர்ப் பக்கம் திரும்பினால், கொஞ்ச தூரத்தில் நீங்கள் மிதிப்பது பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடித்தரை. 1862இல் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பகுதிப் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தபோது, அடியில் உள்ள மூத்த தொகுதிக்கு ஊட்டத்தூரின் பெயரைத்தான் வைத்தார். அதற்கு மேலே திருச்சிராப்பள்ளி, அதற்கும் மேலே அரியலூர். நீங்கள் கிழக்கே மிதிக்க மிதிக்கப் பாறைக்கு வயது குறைந்துகொண்டே வரும். இது தெரிந்து சைக்கிள் ஓட்டுவதற்கும் தெரியாமல் ஓட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஆகவே மலையை ஒரு நாளும் கடலடியை ஒரு நாளும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டையும் சரியாகப் பார்க்க முடியாது.

ஈரக் களிமண்ணில் சக்கரத்தை இறக்குவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

மணல் கலந்த செம்மண் தடத்தில் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: மழை பெய்தால் புழுதி அடங்கும், மண் இறுகும், சக்கரம் நன்றாகப் பிடிக்கும். அங்கே அது சரிதான். காரையில் அப்படியே தலைகீழ். இங்குள்ள களிமண் தண்ணீரை உறிஞ்சி, ஊறப்போட்ட வெந்தயம் மாதிரி உப்பும். வெயில் வந்ததும் மேலே மட்டும் பொருக்குத் தட்டிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகக் காய்ந்த தரை. பொருக்குக்கு விரல்கடை அளவு கீழே எல்லாம் பிசைந்த மாவு.

நான் முதன்முதலில் அங்கே போனது ஒரு நவம்பரில். மேட்டு விளிம்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, வண்டிய எறக்காத. கால வச்சா செருப்பே திரும்ப வராது" என்றார். "பரவாயில்லங்க ஐயா, இது மலையில ஓட்டுற சைக்கிள்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

முதல் இருபது அடி நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் டயரின் பற்களெல்லாம் மண்ணால் மூடிக்கொண்டன. சக்கரம் சுற்றச் சுற்ற, வழியில் கிடந்த சரளையையும் சருகையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு டயர் பருத்துக்கொண்டே போனது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இடைவெளி அடைபட்டு முன்சக்கரம் நின்றுவிட்டது. பின்சக்கரம் இன்னும் கொஞ்சம் சுற்றும்போல் இருந்ததால் நான் பெடலை அழுத்தி மிதித்தேன். அந்த மிதிதான் செலவு வைத்தது. செயினோடு வந்த களிமண், கியர் மாற்றும் டெரெய்லருக்குள் சிக்கி அதை முன்னால் இழுத்தது. அதைத் தாங்கும் ஹேங்கர் ஒடிந்து, டெரெய்லர் ஆரக்கம்பிகளுக்குள் போய்ச் சுருண்டது. டெரெய்லர், ஹேங்கர், நான்கு கம்பிகள், செயின். கடையில் ஐயாயிரத்துக்கு மேல் ஆயிற்று. மண்ணோடு சேர்ந்து சைக்கிள் இரண்டு மடங்கு கனம். தோளில் தூக்கி, வழுக்கி, மறுபடி தூக்கி, மேலே வர ஒன்றரை மணி நேரம். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. ஒடித்த குச்சி ஒன்றைக் கொடுத்து, ஃபோர்க்கில் இருந்த மண்ணைச் சுரண்டச் சொன்னார்.

பணம் போனதை மறந்துவிட்டேன். மறக்க முடியாதது வேறு.

இறங்குவதற்கு முன் அந்தச் சரிவில் ஒரு பெலம்னைட்டைப் பார்த்துப் படம் எடுத்திருந்தேன். கணவாய் இனத்தைச் சேர்ந்த, அழிந்துபோன கடல் உயிரின் உள் ஓட்டுப் பகுதி அது. சுண்டுவிரல் கனத்தில், பேனா மூடி போல ஒரு முனை கூராக, தேன் நிறத்தில் மண்ணிலிருந்து பாதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உடைந்த முனையை உற்றுப் பார்த்தால் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புவரை கதிர் கதிராகப் படிகம் தெரிந்தது. பக்கத்திலேயே ஜிப்சம் தகடு ஒன்று கண்ணாடிச் சில்லுபோல் மின்னியது.

அடுத்த பிப்ரவரியில் அதே இடத்துக்கு நடந்து போனேன். என் சக்கரம் கீறிய கோடு, அதற்குப் பிறகு பெய்த மழையில் முழங்கை ஆழத்துக்கு வாய்க்காலாகியிருந்தது. பெலம்னைட் இருந்த இடமும் அந்த வாய்க்காலுக்குள். கீழே ஓடையில் தேன் நிறத்தில் மூன்று துண்டுகள் கிடந்தன, அது எதனுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாதபடி.

அந்த மேடுகளில் புல் பூண்டு அதிகம் கிடையாது, மண்ணைப் பிடித்து வைக்க வேர் கிடையாது. தண்ணீருக்கு ஒரு கோடு கிடைத்தால் போதும், அதை வழியாக்கிக்கொள்ளும். ஈரத்தில் ஒருவர் ஒருமுறை இறங்கினால் ஒரு புது ஓடை. இன்றைக்கும் அங்கே நீளவாக்கில் டயர் தடம் ஒன்றைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

என்ன செய்யலாம்? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது வெயில் அடிக்கட்டும். விளிம்பில் நின்று குதிகாலால் பொருக்கை உடைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உருண்டை பிடித்தால் சைக்கிளைத் திருப்புங்கள். பிடிக்காமல் உதிர்ந்தாலும் சரிவுகளில் சைக்கிளை இறக்க வேண்டாம். ஆடுகளும் மாட்டுவண்டியும் போய்ப் போய்க் கெட்டித்த பாதை மேட்டுக்கு வெளியே இருக்கிறது. அதில் ஓட்டுங்கள். மேடுகளுக்குள் நடந்து போங்கள். நடந்தால்தான் எதுவும் கண்ணில் படும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டீர்கள் என்றால், மிதிப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள். தள்ளவும் வேண்டாம், தூக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பிரஷர் பம்ப்பால் பீய்ச்சி அடிக்காதீர்கள். களிமண் பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காயவிட்டுத் தட்டி உதிர்த்து, அப்புறம் ஈரத்துணி.

முள்ளின் நுனியை விட்டுவிடுவது

இந்தப் பக்கத்தில் பஞ்சர் என்றால் அது சீமைக்கருவேல முள்தான். டியூப்பை மாற்றிவிட்டு அரை கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்குகிறதென்றால், ஒடிந்த நுனி இன்னும் டயருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே வாருங்கள். துணி மாட்டும் இடத்தில் நுனி இருக்கும். கை விரலால் தடவாதீர்கள், குத்தும். டியூப் இல்லாத டயராக இருந்தால், பருவம் தொடங்கும் முன், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலண்ட் திரவம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் வெயிலில் அது சீக்கிரமே காய்ந்துவிடுகிறது.

சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளுக்குள் இறங்குவது

கூடாது. வெடி வைக்கிறார்கள்.

பையில் போட்டுக்கொள்வது

"சின்னத் துண்டுதானே, ஆயிரம் கிடக்கிறதே" என்பார்கள். அவை ஆயிரம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன், இன்று குனிந்து தேட வேண்டியிருக்கிறது.

ஒரு படிமத்தின் மதிப்பு பாதி அது கிடக்கும் இடத்தில் இருக்கிறது. எந்த அடுக்கில், எதற்கு மேலே, எதற்குப் பக்கத்தில் என்பதை வைத்துத்தான் அந்தக் கடலின் காலத்தையும் ஆழத்தையும் கணக்கிடுகிறார்கள். உங்கள் அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் அழகான கல். எடுப்பதற்குத் தெரிந்தவர்களுக்கே சில சமயம் கைகூடாது. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்து, 1987இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட மாபெரும் டைனோசரின் எலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்துபோய்விட்டன. மிஞ்சியவை படங்களும் குறித்துவைத்த அளவுகளும்தான்.

பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், நாணயத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லை விட்டுவிடுங்கள். கையில் எடுத்துப் பார்த்த திருப்தி வேண்டுமென்றால் வாரணவாசியில் அரசுப் படிம அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருப்பதுபோல் அவ்வளவு முழுசான அம்மோனைட்டை, சுருள் ஓடு கொண்ட அழிந்துபோன கடல் உயிரை, ஓடையில் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது.

உருண்டைக் கல்லை முட்டை என்பது

2020இல் குன்னம் அருகே குளத்தில் கிடைத்த உருண்டைகளைப் பார்த்து டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. வந்து பார்த்த நிலவியலாளர்கள் முட்டை இல்லை என்றார்கள். கடலடியில் ஏதாவது ஒன்றைச் சுற்றித் தாதுக்கள் படிந்து படிந்து இறுகினால் இப்படி உருண்டை வரும். சிலவற்றின் நடுவில் அம்மோனைட் இருக்கும். உடைத்துப் பார்க்க வேண்டாம்.

பிரேக்கைப் பிடித்தபடியே மலை இறங்குவது

பச்சைமலையிலிருந்து இறங்கும்போது பயத்தில் பின்பிரேக்கை மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டே வருவார்கள். பாதி வழியில் தீய்ந்த வாடை வரும், லீவர் கைப்பிடிவரை வந்து முட்டும். நேர்ப்பாதையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், டிஸ்க் ஆறட்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். எதிரே பஸ் வரும். ஓட்டுநர் ஒலி எழுப்புவார், ஆனால் காற்றுச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது. ஓரம் முழுக்கச் சருகு கிடந்தால் அதில் பிரேக் போடாதீர்கள்.

காப்புக்காட்டுத் தடங்கள்

வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். ஊரையும் ஊரையும் இணைக்கும் பாதைகளே உங்களுக்குப் போதும். மரவள்ளிக் காட்டுக்குள் தடம் போனால், அது யாருடைய காடோ அவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

உச்சி வெயிலில் கல்மரத்துக்குப் போவது

பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் ஓடைக்குள் 18 மீட்டர் நீளத்தில் கிடக்கும் கல்மரத்தைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. 1940இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. கடலுக்கு அடித்துவரப்பட்டு, மூழ்கி, சேற்றில் புதைந்து கல்லான மரம். ஆனால் எல்லாரும் அங்கே போய்ச் சேருவது பன்னிரண்டு மணிக்கு. நேர் மேலிருந்து விழும் வெயிலில் நிழலே இல்லாமல் அது ஒரு சிமெண்டுத் தூண் மாதிரிதான் தெரியும். படம் எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள்.

இருட்டோடு கிளம்பி ஏழு மணிக்குள் போய்விடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் மரத்தின் மேலுள்ள வரிகளெல்லாம் எழுந்து நிற்கும். கிளை முளைத்த கணுக்கள் எங்கே என்று கண்ணாலேயே தேடலாம். வேலிக்கு வெளியே, உட்கார ஓர் இடம் பார்த்து, அரை மணி நேரமாவது இருங்கள். காரைக்கு அப்புறம் போகலாம்.